மருந்துக்கடை டீச்சர்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வானொலியில் அன்றைய தலைப்பு மூட்டுவலி. நேரலையில் ஓர் அம்மா அழைத்தார்.

"ரெண்டு வருஷமா முட்டி வலிம்மா. பாசார் மாலாம்ல ஒரு ஜாமு மாத்திரை வாங்கினேன். ரெண்டே நாள்தான், வலி போயிடுச்சு. இப்போ மாடிப்படி ஏறுறேன்."

குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. "கேட்கவே சந்தோஷமா இருக்கும்மா, பகிர்ந்துக்கிட்டதுக்கு நன்றி" என்று சொல்லி அடுத்த பாடலைப் போட்டேன்.

பாடல் முடிவதற்குள் நிலையத்துக்கு இன்னோர் அழைப்பு வந்திருந்தது. நேரலைக்கு வர வேண்டாம், அறிவிப்பாளரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டாராம். நிகழ்ச்சி முடிந்ததும் எடுத்துப் பேசினேன். கிள்ளானில் மருந்தகம் நடத்தும் ஒரு பெண்மணி.

"ரெண்டு நாள்ல முட்டி வலியை மாயமா போக்குதுன்னா அந்த ஜாமுல ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்மா. அந்த அம்மாவோட நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். நிகழ்ச்சி நன்றாகப் போன நாளில் இப்படி ஓர் அழைப்பு. "சரிங்க, அந்த மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி அடுத்த வாரம் அறிவிச்சிடுறேன்" என்றேன்.

"அப்படி மட்டும் சொல்லிடாதீங்க" என்று பதறினார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். ஸ்டீராய்டை நெடுநாள் சாப்பிட்டால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டுவிடும். அந்த நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். "பாட்டிலோட ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. பாட்டிலைத் தூக்கிப் போட்டுடப் போறாங்க, அதையும் சொல்லுங்க."

அந்த அம்மாவைத் தேடிப் பிடித்தோம். நான்கு மாதங்களாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார். முகம் உருண்டையாக உப்பியிருந்ததைப் பார்த்து, "உடம்பு தேறிடுச்சு" என்று சொந்தக்காரர்கள் பாராட்டியிருக்கிறார்கள். மருத்துவமனையில் சோதித்தபோது ரத்தத்தில் சீனி ஏறியிருந்தது.

என் ஒலிவாங்கி வழியாக எத்தனை பேர் அந்த ஜாமுவைத் தேடிப் போனார்களோ, எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் நிகழ்ச்சியில் திருத்தம் சொன்னேன். அதற்கடுத்த சனிக்கிழமை அந்த மருந்தகத்தைத் தேடிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன்.

பெயர் வேண்டாம்

தாமான் ஒன்றின் கடை வரிசையில் நடுக்கடை. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது முகப்பு மேசைக்கு முன்னால் கிடக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். "நின்னுக்கிட்டே இருக்கிறவங்க காசைக் குடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. உட்கார்ந்தாத்தான் கேள்வி கேப்பாங்க" என்பது அவர் கணக்கு.

அறுபதைக் கடந்தவர். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் அந்த வட்டாரத்தில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாருக்கும் அவர் 'டீச்சர்'தான். இந்தக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் ஒரே நிபந்தனை போட்டார்: "என் பேரும் வேண்டாம், கடைப் பேரும் வேண்டாம். விளம்பரமா ஆயிடும்." ஆகவே நானும் டீச்சர் என்றே எழுதுகிறேன்.

அம்மாவின் மாத்திரை

டீச்சர் பிறந்தது கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் ஐயா கண்ணாடிப் போத்தலில் கலவை மருந்து ஊற்றித் தருவார். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, போத்தலில் காகிதத்தை வெட்டி ஒட்டியிருப்பார். "படிக்கத் தெரியாதவங்களுக்கும் அது புரிஞ்சுது. இன்னிக்கு நாம ஒட்டுற லேபிளைவிட அது நல்ல லேபிள்" என்கிறார்.

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய படிப்பு அவரைப் பினாங்குக்குக் கொண்டுபோனது. நாட்டிலேயே முதன்முதலாக, 1972-இல், மருந்தியல் பட்டப்படிப்பைத் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1980-களின் நடுவே அவர் மாணவி. மூன்றாம் ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது வீட்டிலிருந்து தகவல் வந்தது. அம்மாவுக்குப் பக்கவாதம். ஒரு பக்கம் விழுந்துவிட்டது.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தது. மாத்திரையும் தந்திருந்தார்கள். அம்மா அதைத் தலைவலி வந்த நாளில் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். 'நல்லா இருக்கிற நாளில் மாத்திரை எதற்கு?' என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த வலியும் காட்டாது, நன்றாக இருக்கும் நாளிலும் மாத்திரை வேண்டும் என்பதை அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை.

"அந்த மாத்திரை உடம்புக்குள்ள எப்படி வேலை செய்யுதுன்னு நான் பரீட்சையில நாலு பக்கம் எழுதினேன்மா. லீவுக்கு வீட்டுக்குப் போறப்ப அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லை."

இதைச் சொன்னபோது டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. மாத்திரை எண்ணும் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார்.

படிப்பு முடிந்து சில ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் வேலை. பிறகு 1996-இல் இந்தக் கடை.

சூரியனும் நிலாவும்

ஒரு நாள் காலை முழுதும் அந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் ஓர் இளைஞர் வந்தார். தொண்டை வலி. போன தடவை சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் அட்டையைக் காட்டி அதையே கேட்டார். டீச்சர் தரவில்லை. 1952-ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டப்படி மருத்துவரின் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது. ஆனால் அவர் சட்டத்தைச் சொல்லி அனுப்பிவிடவில்லை. காய்ச்சல் எத்தனை நாள், விழுங்க முடிகிறதா, இருமல் இருக்கிறதா என்று கேட்டார். பெரும்பாலான தொண்டை வலிக்கு வைரஸ்தான் காரணம், ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது, தேவையில்லாமல் சாப்பிட்டால் நிஜமாகவே தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாமல் போகலாம் என்று விளக்கினார். எந்த அறிகுறி வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். இளைஞர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியேறினார். எட்டு நிமிடப் பேச்சு, விற்பனை ஒன்றுமில்லை.

அடுத்து ஒரு பாட்டி. அவருடைய மாத்திரை உறைகளில் டீச்சர் பேனாவால் படம் வரைந்தார். காலை மாத்திரைக்குச் சூரியன், இரவு மாத்திரைக்கு நிலா. சாப்பாட்டுக்குப் பின் என்றால் பக்கத்தில் ஒரு தட்டு. வரைந்து முடித்ததும், "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க பாட்டி, எதை எப்போ போடுவீங்க?" என்று கேட்டார். பாட்டி ஒன்றைத் தவறாகச் சொன்னார். டீச்சர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். "'புரிஞ்சுதா'ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. திருப்பிச் சொல்லச் சொன்னாத்தான் தெரியும்" என்றார் பிறகு.

மூன்றாவதாக வந்த நடுத்தர வயதுக்காரர், நீரிழிவுக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினைத் தாமே நிறுத்திவிட்டிருந்தார். மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று புலனத்தில் யாரோ அனுப்பியிருந்தார்கள். "சிறுநீரகத்தைக் கெடுக்கிறது கட்டுப்படாத சீனி. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தா இந்த மாத்திரையோட அளவை டாக்டர் குறைப்பாரு, தேவைப்பட்டா மாத்துவாரு. அதை வச்சுக்கிட்டு மாத்திரையாலதான் பழுதாச்சுன்னு கதை கட்டிட்டாங்க" என்றார் டீச்சர். கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தீர்கள் என்று கேட்டார். அவருக்கு நினைவில்லை.

2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஏறக்குறைய ஐவரில் ஒருவர். மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே விகிதம் கூடுதல். நம் வீடுகளில் மாத்திரை இல்லாத வீடு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு மாத்திரை சாப்பிடும் நாம் மருந்தாளரிடம் பேசுவது குறைவு. அதற்கு ஒரு காரணம் உண்டு. நம் நாட்டில் தனியார் கிளினிக்குகளில் மருத்துவரைப் பார்த்த இடத்திலேயே மருந்தும் தந்துவிடுவார்கள். ஆகவே ஒரு மருந்தாளரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒருவர் ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடலாம். சுகாதார அமைச்சு 2007-இல் 'கெனாலி ஊபாட் அண்டா', அதாவது 'உங்கள் மருந்தை அறிந்துகொள்ளுங்கள்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. கடந்த 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்தின் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. "இப்ப விலையைக் கேக்குறாங்க, நல்லதுதான். பேரையும் கேட்டா இன்னும் நல்லது" என்கிறார் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமைப் பை

மாதத்தில் ஒரு ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் ஆலய மண்டபத்தில் டீச்சர் உட்கார்ந்திருப்பார். பேச்சாளர் மேடை கிடையாது. ஒரு நீள மேசைதான். வருபவர்கள் வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். கிளினிக் மாத்திரை, கடை மாத்திரை, ஜாமு, சத்து மாத்திரை, லேகியம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, எல்லாமே.

பையைக் கவிழ்த்ததும் வீட்டுக் கதை தெரிந்துவிடும். காலாவதியான இருமல் மருந்து. பேத்திக்குத் தந்ததில் மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக். பனடோல் ஒரு பக்கம், பாராசிட்டமால் கலந்த சளி மருந்து இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பெரியவர்களுக்கான ஒரு நாள் உச்ச அளவான 4 கிராமை, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டை, தெரியாமலே தாண்டிவிடலாம். அது கல்லீரலுக்கு ஆகாது.

பெட்டிகளில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கின்றனவா என்று பார்ப்பார். எண்ணை அப்படியே நம்பிவிட மாட்டார். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அதைத் தட்டிப் பார்க்கக் கைப்பேசியிலேயே கற்றுத் தருவார். தேவையில்லாத மருந்துகளைக் கழிவறையில் கொட்டாமல் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படைக்கச் சொல்வார்.

அந்த மண்டபத்தில் அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. "திட்டினா அடுத்த மாசம் பையில பாதியை வீட்டுலயே வச்சிட்டு வருவாங்க" என்பார்.

என் வீட்டு டின்

டீச்சரை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து வானொலிக்கு அழைத்து வந்தேன். வாரம் பத்து நிமிடம். ஒரு வாரம் 'ஒரே மருந்து, இரண்டு பெயர்' என்பது தலைப்பு. ஒரே மருந்தை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு பெயரில் விற்கும், பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் உள்மருந்தின் பெயரைப் பார்த்தால்தான் தெரியும் என்று டீச்சர் சொன்னார். நான் நன்றாகக் கேள்வி கேட்டேன் என்று எனக்கே ஒரு நிறைவு.

அது தைப்பூச விரதக் காலம். சில நாள் கழித்து விடியற்காலை ஐந்து மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, சாமி அறையிலிருந்து அம்மாவின் குரல். அப்பா வேர்த்து ஒழுகி நடுங்கிக்கொண்டிருந்தார். எதையோ முணுமுணுத்தார், ஒன்றும் புரியவில்லை. எழுபது வயது, விரதம் இருப்பவர், சாமி படத்துக்கு முன்னால். அம்மா அருள் வந்துவிட்டது என்று நினைத்துத் திருநீற்றுத் தட்டை எடுத்துவந்துவிட்டார்.

நான் டீச்சரை அழைத்தேன். தூக்கக் குரலே இல்லை. "விழுங்க முடியுதா? கூப்பிட்டாப் பார்க்கிறாரா? சீனி மூணு டீஸ்பூன் தண்ணியில கலக்கிக் குடு. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதே, 999-க்கு அடி. சீனி பார்க்கிற கருவி இருக்கா?"

கருவி 2.9 என்று காட்டியது. 4-க்குக் கீழே இறங்கினாலே தாழ்ந்த அளவு. பதினைந்து நிமிடத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் தெளிந்தது. எனக்கு உயிர் வந்தது. டீச்சர் விடவில்லை. "தெளிஞ்சாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. சில மாத்திரை உடம்புல ரொம்ப நேரம் நிக்கும், சீனி மறுபடியும் இறங்கும். வீட்டுல இருக்கிற மருந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ."

அப்பாவின் மருந்துகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருந்தன. அவசரப் பிரிவின் வரிசையில் உட்கார்ந்து அன்றுதான் அதை முதன்முறையாகத் திறந்து பார்த்தேன். அரசாங்கக் கிளினிக்கில் தந்த அட்டையில் 'கிளிக்லசைடு' என்றிருந்தது. ஒரு தனியார் கிளினிக்கில் வாங்கிய பெட்டியில் வேறொரு பெயர் பெரிதாக. அதன் கீழே, சின்ன எழுத்தில், கிளிக்லசைடு. கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்து சீனியை இறக்கும் ஒரே மருந்தை அப்பா இரண்டு பெயரில், ஒரு வேளை மட்டும் சாப்பிடும் விரதத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டாவது மருத்துவரிடம் முதல் மருந்தைப் பற்றி அவர் சொல்லவே இல்லை.

"ரெண்டு டாக்டரும் சேர்ந்து குடுத்தா சீக்கிரம் குறையும்னு நினைச்சேன்" என்றார் மருத்துவமனைப் படுக்கையில்.

"போன வாரம் ரேடியோவுல இதைத்தானேப்பா பேசினோம்? நீங்க கேக்கலையா?"

"கேட்டேன்மா. ஒரு வாரம்கூட விட்டதில்லையே. அது மத்தவங்களுக்குச் சொல்றேன்னு நினைச்சேன்."

அந்தப் பதில் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. பத்து நிமிடம் ஒலிபரப்பி ஊருக்கே சொல்லிவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னது என் வீட்டு டின்னுக்குள் போய்ச் சேரவில்லை. இதை டீச்சரிடம் சொன்னபோது, "ரேடியோ வேணும்மா. கேட்டவங்கதான் என் மேசைக்கு வர்றாங்க. ஆனா பையைத் திறந்து அவங்க மாத்திரையை அவங்க கையில வச்சுக் காட்டினாத்தான் அது தன்னைப் பத்தின பேச்சுன்னு தெரியும்" என்றார். தம் அம்மாவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஆண்டு முதல் தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பே கடை முகப்பில் ஓர் அட்டை தொங்குகிறது: 'விரதம் இருப்பவர்கள் மருந்து பற்றி முதலில் பேசிவிட்டுச் செல்லவும்.' நோன்பு மாதத்தில் அதே அட்டை மலாயில்.

டயாப்பர் லாபம்

கடை இன்னும் எத்தனை நாள் நடக்கும் என்பது டீச்சருக்கே உறுதியில்லை. அதே சாலையில் இரண்டு தொடர் மருந்தகங்கள் வந்துவிட்டன. அவர்கள் மொத்தமாக வாங்கும் விலைக்கு இவரால் வாங்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்டுவிட்டு, இரண்டு வெள்ளி மலிவு என்று அங்கே போய் வாங்குபவர்களும் உண்டு. "போகட்டும்மா. சரியாச் சாப்பிட்டா சரி" என்கிறார். பேச்சுக்கு அவர் காசு வாங்குவதில்லை. "பால்மாவு, டயாப்பர் விக்கிற லாபத்துலதான் நான் பேசிக்கிட்டிருக்கேன்." மகள் பொறியியலாளர். கடைக்கு வர மாட்டார்.

மேசை இழுப்பறையில் பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகங்கள் அடுக்கியிருக்கின்றன. 1996 முதல் மக்கள் கேட்ட கேள்விகளைத் தேதி போட்டு, கேட்டவர் பெயர் போடாமல் எழுதி வைத்திருக்கிறார். 'இன்சுலின் போட ஆரம்பித்தால் கடைசிக் கட்டம் என்று அர்த்தமா?' 'மாத்திரையைக் காப்பியோடு விழுங்கலாமா?' பயிற்சிக்கு வரும் மருந்தியல் மாணவர்களுக்கு முதல் நாள் வேலை அந்தப் புத்தகங்களைப் படிப்பதுதான்.

டீச்சர் கேட்கச் சொல்லும் ஐந்து கேள்விகள்

1. இந்த மருந்தின் பெயர் என்ன? நிறுவனம் வைத்த பெயர் மட்டுமல்ல, உள்மருந்தின் பெயரும்.

2. இது எதற்காக? எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? நன்றாகிவிட்டால் நிறுத்தலாமா?

3. எப்போது சாப்பிட வேண்டும்? ஒரு வேளை மறந்தாலோ, விரதம் இருந்தாலோ என்ன செய்வது?

4. நான் ஏற்கெனவே சாப்பிடும் மருந்து, ஜாமு, நாட்டு மருந்து இவற்றோடு ஒத்துப்போகுமா?

5. எந்த அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவரிடம் வர வேண்டும்?

போன மாதம் ஆலய மண்டபத்துக்கு அப்பாவையும் அழைத்துப் போனேன். பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெரியவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேசைப் பக்கம் போகத் தயங்கினார். அப்பா தம் டின்னைத் திறந்து அவரிடம் காட்டினார்.

"கூச்சப்படாதீங்க அண்ணே. எனக்கு அருள் வந்த கதையைச் சொல்றேன், கேளுங்க."